ஏழாம் நம்பர் மட்டை

டூகல் கெடஸுக்குப் பக்கவாதம் வந்தது அக்டோபரில். கால் ஓரளவு திரும்பியது. வலது கை திரும்பவில்லை. ஏப்ரலில் மறுபடி கோல்ஃப் ஆடுவேன் என்று வீட்டுக்கு வந்த அன்றே மனைவி எல்ஸ்பெத்திடம் சொல்லிவிட்டான். அந்தக் கை இனி ஒரு கோப்பையைத் தூக்கினாலே பெரிது என்று மருத்துவர் அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அதை அவள் வீட்டுக்குள் கொண்டுவரவில்லை.

“மட்டையெல்லாம் கராஜ்ல துருப்பிடிக்குது. நான் எழுந்திரிக்கிற வரைக்கும் நீ ஆடு” என்றான் டூகல். இரவல்தான் என்பதில் கறாராக இருந்தான்.

கடலோர கோல்ஃப் மைதானத்தில் புதிதாக வரும் பெண்களுக்குக் கற்றுக்கொடுப்பவள் இஷ்பல். எல்ஸ்பெத்தோடு ஒரே வகுப்பில் படித்தவள். மருத்துவர் சொன்னதை எல்ஸ்பெத் அவளிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

“மீன் பிடிக்கப் போறியா, பந்தடிக்கப் போறியா?” என்றாள் அவள். “ஆறடி ஆளோட மட்டை. உன் வயித்துல இடிக்குது.”

“பழகிடும்.”

“பழகாது. மட்டைக்குத் தக்கபடி நீ வளைஞ்சா இடுப்புதான் போகும். ஒண்ணும் வாங்காதே. இந்த மட்டைகள்ல ஏழாம் நம்பர் ஒண்ணு போதும், இந்தக் குளிர்காலம் பூரா அதையே அடி. எங்ககிட்ட பெண்கள் மட்டை சும்மா கிடக்கு, எடுத்துக்க.”

“முடியாது. நான் வீட்டுக்குப் போனதும் தன் மட்டையைத்தான் கேப்பான். மண் ஒட்டியிருக்கான்னு பாத்து, அவனே இடது கையால துடைப்பான்.”

இஷ்பல் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப மேல, பிடிக்கிற பக்கம் ரெண்டு அங்குலம் வெட்டிட்டு வேற கைப்பிடி போட்டுடலாம். பின்னால வேணும்னா உள்ளே கட்டை செருகி நீட்டிக்கலாம். ஆனா அவன்கிட்ட கேட்டுட்டு வெட்டு.”

எல்ஸ்பெத் அவனிடம் கேட்காமலே வெட்டக் கொடுத்தாள். கேட்டால், ஏப்ரலில் நான் ஆடப்போகும் மட்டையை ஏன் வெட்டுகிறாய் என்பான். உட்கார்ந்தே துடைக்கிறவனுக்கு உயரம் தெரியப்போவதில்லை என்று நினைத்தாள். புதுக் கைப்பிடியைப் பார்த்து அவன் புருவம் தூக்கியபோது, பழைய ரப்பர் வழுக்கியது என்றாள். அவன் தலையாட்டினான்.

அன்றிலிருந்து பந்து நேராகப் போனது. அதை அவனிடம் சொன்னபோது அவன் முகம் மலர்ந்ததைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் அவள் கடைக்குப் போய்த் திரும்பியபோது வீட்டில் அவன் இல்லை. கொல்லைப்புறத்தில், கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஏழாம் நம்பர் மட்டையோடு நின்றுகொண்டிருந்தான். வலது கையைக் கழுத்துத் துணியால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டியிருந்தான். பல்லால் இறுக்கிய முடிச்சு ஈரமாக இருந்தது. மட்டையின் தலை தரையைத் தொடவில்லை.

“நான் வளர்ந்துட்டேனா, எல்ஸ்பெத்?”

அவள் பையைக் கீழே வைத்தாள்.

“முதல்ல என் கால்தான் சரியில்லைன்னு நினைச்சேன். குனிஞ்சு குனிஞ்சு பாத்தேன்” என்றான். “டாக்டர் எப்ப சொன்னாரு?”

“நவம்பர்ல.”

“வேற யாருக்குத் தெரியும்?”

“இஷ்பலுக்கு.”

“அப்ப ஊருக்கே தெரியும்.”

அவள் முடிச்சை அவிழ்க்க முயன்றாள். இழுத்த இழுப்பில் அது இன்னும் இறுகியது. அவன் இடது கையால் மட்டையைத் தாங்கியபடி பொறுமையாக நின்றான்.

“மிச்ச மட்டைகளையும் கொண்டுபோய் உன் உயரத்துக்கு வெட்டிடு.”

“கட்டை செருகித் திரும்ப நீட்டலாம், டூகல். இஷ்பல் சொன்னா.”

“யாருக்கு?” என்றான்.

முடிச்சு அவிழ்ந்தது. கை தானாக விழுந்தது.