மூன்று முறை தவறு

மருந்தகத்தில் பன்னிரண்டு பேர் தேர்வு எழுதியதில் பதினொரு பேர் தேறிவிட்டார்கள். தேறாத அந்த ஒருவர் சுட்டியின் நாத்தனார்.

சுட்டி என்பது வீட்டில் வைத்த செல்லப்பெயர். அலுவலகத்திலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கணினியில் மென்பொருள் பழகும் பாடங்களை உருவாக்குவது அவள் வேலை. புது மென்பொருளைத் திறந்து ஒரு வேலையை முதலிலிருந்து கடைசிவரை தானே செய்துபார்ப்பாள். அவள் வைத்திருந்த கருவி ஒவ்வொரு கிளிக்கையும் ஒரு திரையாகப் படம்பிடித்துக்கொள்ளும். பிறகு எங்கே அழுத்தினால் சரி என்று ஒவ்வொரு திரையிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வரைந்து வைப்பாள். பழகுகிறவர் கட்டத்துக்குள் அழுத்தினால் அடுத்த திரை வரும். வெளியே அழுத்தினால் ‘தவறு. மீண்டும் முயலவும்’ என்று சிவப்பெழுத்து குதிக்கும். பார்க்க அசல் மென்பொருள் மாதிரியே இருக்கும். ஆனால் என்ன அழுத்தினாலும் யாருக்கும் ஒரு கெடுதலும் வராது. அதில்தான் சுட்டிக்குப் பெருமை.

மருத்துவமனை மருந்தகம் திங்கட்கிழமை புது மென்பொருளுக்கு மாறவேண்டும். அதற்கான பாடமும் தேர்வும் சுட்டி செய்தவை; ஒரே திரையில் மூன்று முறை தவறினால் தேர்ச்சி இல்லை. அங்கே இருபத்திரண்டு வருடமாக மருந்து கொடுப்பவர் நாத்தனார். சுட்டியின் கணவனுக்கு மூத்தவர். அதே வீட்டின் மாடியில் குடியிருந்தார். மருந்துச் சீட்டில் மருத்துவர் கிறுக்கியதை மருத்துவரே படிக்க முடியாதபோது இவரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவர் ஒரு தடவை அல்ல, மூன்று தடவை தோற்றிருந்தார்.

மருந்தக மேற்பார்வையாளர் அம்மாள் புதன்கிழமை சுட்டியிடம் போனில் பேசினார். “உங்க வீட்டு ஆள்னு தெரியும். சங்கடமாத்தான் இருக்கு. ஆனா தேறாதவங்களை கவுன்டர்ல உட்கார வைக்க எனக்கு அனுமதி இல்ல. சரக்கறைக்கு மாத்தறேன். அட்டைப்பெட்டி எண்ணிக்கிட்டு இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.”



அன்று மாலை நாத்தனார் மாடிப்படி ஏறும்போது வழக்கம்போல எட்டிப் பார்த்து “என்ன, வந்துட்டியா?” என்று கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே மேலே போய்விட்டார். கணவன் அதைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான்.

“அக்கா மதியமும் சாப்பிடலையாம்.”

“அதுக்கு என்னை ஏன் அப்படிப் பார்க்கறீங்க? நானா அவங்களை ஃபெயில் ஆக்கினேன்?”

“நீ ஆக்கினேன்னு நான் சொன்னேனா? கொஞ்சம் பார்த்து ஏதாவது...”

“மார்க்கைத் திருத்தச் சொல்றீங்களா?”

வீட்டில் சத்தம் இல்லையே தவிர ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். படுக்கும்போது சுட்டி யோசித்தாள். மார்க்கைத் திருத்தினால் அது பச்சைத் துரோகம். திருத்தாவிட்டால் இந்த வீட்டில் காலம் முழுக்க அவள்தான் வில்லி.

மறுநாள் காலை விடுப்பெல்லாம் எடுக்கவில்லை. ‘பாடத்தைப் பயன்படுத்துவதைப் பார்வையிடுதல்’ என்று அலுவலகத்தில் எழுதிவைத்துவிட்டு நேரே மருந்தகத்துக்குப் போனாள். பின்னறையில் ஒரு கணினி, இரண்டு நாற்காலி, சுவரோரம் காலி அட்டைப்பெட்டிகள். நாத்தனார் வெள்ளை மேலங்கியோடு வந்து உட்கார்ந்தார்.

“என்ன, இன்ஸ்பெக்‌ஷனா?”

“இல்லக்கா. நீங்க செய்யறதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும். நான் வாயே திறக்க மாட்டேன்.”

“நீயா?” என்றார் நாத்தனார். இரண்டு நாளில் அவர் பேசிய முதல் கேலி அது.

தேர்வு தொடங்கியது. நோயாளி எண்ணைத் தட்டினார், சரி. பெயரைத் தேர்ந்தெடுத்தார், சரி. கை வேகமாகவும் நிதானமாகவும் இருந்தது. தட்டுத்தடுமாறுகிற ஆளின் கை இல்லை அது. மூன்றாவது திரையில் ‘மருந்து சேர்’ என்ற பொத்தானை அழுத்தவேண்டும். நாத்தனாரின் விரல் அதைத் தாண்டி மேலே போய் ‘ஒவ்வாமை’ என்ற பக்கத்தின் தலைப்பை அழுத்தியது.

‘தவறு. மீண்டும் முயலவும்.’

மறுபடியும் அதே இடம். மறுபடியும் சிவப்பு. மூன்றாவது முறையும் அதே இடத்தில் அழுத்திவிட்டு நாத்தனார் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். திரையில் ‘தேர்ச்சி இல்லை’ என்று வந்தது.



“அக்கா, ‘மருந்து சேர்’தான் அழுத்தணும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியாம என்ன? முதல் தடவை தெரியல. அப்புறம் தெரிஞ்சேதான் செஞ்சேன். இந்த ஆளுக்கு எது ஒத்துக்காதுன்னு பார்க்காம மருந்தைத் தொட எனக்குக் கை வரலடி.”

அந்த நொடியில் சுட்டிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. படம்பிடித்த அன்று மென்பொருள் நிறுவனத்து ஆள் ஒரு மாதிரி நோயாளியை வைத்து விறுவிறுவென்று ஓட்டிக் காட்டினார். அந்த நோயாளிக்கு ஒவ்வாமை எதுவும் பதிவாகவில்லை, அதனால் அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. சுட்டியும் அந்த ஒரே பாதையை வரிசையாகப் பிடித்துக் கட்டம் வரைந்துவிட்டாள். வேறு எந்தப் பக்கம் போனாலும் தவறு. மருந்து தெரிந்த ஒருவரிடமும் அவள் காட்டவில்லை. சரியாகச் செய்தவரைத் தோற்கடித்து, பார்க்காமல் போகிற பழக்கத்தைப் பதினொரு பேருக்குக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

“இதை ஏன்க்கா யார்கிட்டயும் சொல்லல?”

“மேற்பார்வையாளர்கிட்ட சொன்னேன். எல்லாரும் தேறிட்டாங்க, உங்களுக்கு மட்டும் என்னன்னாங்க.”

“என்கிட்ட?”

நாத்தனார் மேலங்கியின் பொத்தானைத் திருகினார். “உன் வேலையில நான் குத்தம் சொன்னா வீட்டுல அது வேற மாதிரி ஆயிடும். நாத்தனார் நொட்டை சொல்றாள்னு ஆயிடும். அதுக்கு அட்டைப்பெட்டியே எண்ணலாம்னு இருந்துட்டேன்.”

சுட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். பிடித்த கையை விடாமலே மேற்பார்வையாளர் அறைக்குள் போனாள்.

“மேடம், தப்பு அவங்க மேல இல்ல. என் பாடத்துல.” எதையும் பூசி மெழுகாமல் நடந்ததைச் சொன்னாள். இனி இந்த மருத்துவமனை தன்னைக் கூப்பிடாது என்றே நினைத்துக்கொண்டாள்.

மேற்பார்வையாளர் நின்றவர் உட்கார்ந்தார். “இது திங்கட்கிழமைக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா?” என்று மெல்லக் கேட்டார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார். “நீங்க அன்னிக்கே சொன்னீங்க. நான் காதுல வாங்கல. மன்னிச்சிடுங்க.” சுட்டியிடம், “நாளைக்குள்ள சரி பண்ண முடியுமா?” என்றார்.

“முடியும். ஆனா படம்பிடிக்கறப்ப அக்காதான் ஓட்டணும்.”

அன்று மதியமே இரண்டு பேரும் பின்னறையில் உட்கார்ந்துவிட்டார்கள். இம்முறை மாதிரி நோயாளிக்கு ஒரு மருந்து ஒத்துக்காது என்று பதிந்துவைத்தார்கள். நாத்தனார் ஓட்ட ஓட்டக் கருவி திரைகளைச் சேர்த்தது. ஒவ்வாமையை எண் தட்டியதும் பார்க்கலாம், பெயரைத் தேர்ந்தபிறகும் பார்க்கலாம், இரண்டு வழியும் சரி என்று கட்டங்கள் கூடின. பார்க்காமல் மருந்தைச் சேர்த்தால் வெறும் ‘தவறு’ என்று வராது.

“என்ன எழுதட்டும்க்கா?”

“‘இவருக்கு எது ஒத்துக்காதுன்னு பார்த்தாச்சா?’ன்னு கேளு. திட்டாதே, கேளு.”

அப்படியே எழுதினாள். நடுவே நாத்தனார், “ஏழாவது திரையில ‘மாத்திரை’க்கு ஒரு எழுத்து குறையுது” என்றார். “நொட்டை சொல்லிட்டீங்களா?” என்றாள் சுட்டி. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் கவுன்டரிலிருந்து ஒருவர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேரும் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒன்பது பேர் பழைய பழக்கத்தில் நேரே மருந்துக்குத் தாவி அந்தக் கேள்வியில் மாட்டினார்கள். ஒருவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டாம் சுற்றில் ஒருவர் விடாமல் எல்லோரும் பார்த்துவிட்டே சேர்த்தார்கள். நாத்தனார் முதல் சுற்றிலேயே, ஒரு சிவப்பும் இல்லாமல் முடித்தார்.

திங்கட்கிழமை காலை முழுவதும் சுட்டி அலுவலகத்தில் ஒரு வேலையும் ஓடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மதியம் இரண்டு மணிக்கு மேற்பார்வையாளரிடமிருந்து செய்தி வந்தது: “வரிசை தீர்ந்தது. ஒரு பிரச்னையும் இல்லை. முதல் கவுன்டரில் உங்கள் நாத்தனார்.”

நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது அவளுக்கு. நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு கணவனைக் கூப்பிட்டாள்.

“அக்கா மதியம் சாப்பிட்டாங்களான்னு கேட்டுச் சொல்லுங்க.”

“இப்பதான் பேசினேன். நல்லா சாப்பிட்டாளாம். உன் பாடத்துல இன்னும் பன்னிரண்டு எழுத்துத் தப்பு இருக்காம், பட்டியல் போட்டு வெச்சிருக்காளாம்.”

“பன்னிரண்டுதானா?” என்றாள் சுட்டி. அவளுக்குப் பசித்தது. ஐந்து நாளுக்குப் பிறகு நன்றாகவே பசித்தது.