வலது காலருகே ஒரு வெளிச்சப் புள்ளி

1

எங்கள் விமானக் கழகத்துக் காலாண்டிதழுக்கு ஒரு பக்கக் கட்டுரை கேட்டார்கள்: 'ஐவின் தன் விமானத்தின் சத்தத்தைக் குறைத்த விதம்.' வீட்டுக்காரி எழுதினால் சுவையாக இருக்குமாம். ஐவின் பதினோரு வருஷம் எங்கள் கார் ஷெட்டில் தகடு தகடாக வெட்டிக் கட்டிய இரண்டு இருக்கை விமானம் அது. கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். வேறு எங்கோ போய்விட்டது. அவன் இப்போது தனியாக மேலே பறந்துகொண்டிருக்கிறான். நான் கழகத்து மேசையில் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் வாசகர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2

முதல் தொடக்கம்: "லிம் நீரிணையின் மேல் காற்று அடங்கியிருந்த ஒரு சனிக்கிழமை காலையில், யூட்டா என்ற பெண் சிரித்தபடி விமானத்தில்…"

யூட்டா என்பது எனக்கு நானே வைத்த பெயர். அவளை நான் நம்பவில்லை. சிரிக்கிறாளாமே! அடித்துவிட்டேன்.

இரண்டாவது: "தொண்ணூற்றேழு டெசிபல் என்பது…" [இதழாசிரியருக்கு எண்கள் பிடிக்கும். எனக்குப் பிடிக்காது.]

மூன்றாவது: "நான் ஒரு பொய் சொன்னேன்."

இதை அடிக்கப் போவதில்லை.

3

முதல் தடவை என்னை ஏற்றிக்கொண்டு இருபது நிமிஷம் பறந்தான். இறங்கும்வரை இருக்கையின் விளிம்பைப் பிடித்தபடியே இருந்தேன். பயம். ஒவ்வொரு ரிவெட் ஆணியும் இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் ரேடியோ கேட்டுக்கொண்டே அடித்தது என்ற நினைப்பு ஒரு நொடிகூட விடவில்லை.

"எப்படி இருந்துச்சு?" என்றான். பதினோரு வருஷம் அந்த முகத்தில் நின்றது.

"சத்தம்தான் தாங்கல, ஐவின். காதே போயிடும் போல."

"அவ்வளவுதானா?" முகம் மலர்ந்துவிட்டது. "சத்தத்த நான் பாத்துக்கறேன்."

இரண்டு குளிர்காலம் பார்த்துக்கொண்டான்.

4

கதவோரத்துக்கு ரப்பர் பட்டை. தரைக்கு ஸ்பாஞ்சு. இன்ஜினுக்கும் நம் காலுக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவருக்குத் தடித்த விரிப்பு. ஒவ்வொரு துண்டையும் என் மாவுத் தராசில் வைத்து நிறுத்தான்.*

"நாலு கிலோ கூடுது, மெரேதெ."

"அப்ப எதையாவது கழட்டு."

"கழட்ட ஒண்ணுமில்ல. நான்தான் நாலு கிலோ இறங்கணும்."

மார்ச் வரை கறுப்பு ரொட்டிக்கு வெண்ணெய் கிடையாது. இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரொட்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றிரண்டு, எண்பத்தெட்டு என்று ஒவ்வொரு எண்ணையும் சமையலறைக்கே வந்து சொல்வான். நான் "அட" என்பேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் போய்விடும்.

* இன்னமும் அந்தத் தராசில் ரப்பர் வாடை அடிக்கிறது.

5

(இந்தப் பகுதியை நான்கு முறை கிழித்தேன்.)

ஓட்டை கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இன்ஜின் மூடியைக் கழற்றி, அந்தப் பக்கம் பலமான விளக்கை வைப்பார்கள். இருக்கைகளுக்கு மேலுள்ள கண்ணாடிக் கூரையின் மேல் போர்வையைப் போட்டு, உள்ளே இருட்டில் ஓர் ஆள் உட்கார வேண்டும். வெளிச்சம் வருகிற இடத்தில் சத்தமும் வரும். உள்ளே உட்கார்ந்த ஆள் நான்.

"தெரியுதா?" என்று வெளியிலிருந்து கத்தினான்.

தெரிந்தது. என் வலது காலருகே, பட்டாணி அளவில் ஒரு புள்ளி. ஏதோ ஒயருக்காகத் துளை போட்டு மறந்திருக்கிறான். கொஞ்சம் சத்தமாவது மிச்சம் இருக்கட்டும், எனக்கு ஒரு சாக்கு மிச்சம் இருக்கட்டும் என்று…

"இல்ல. கும்மிருட்டு."

6

இறங்கிவிட்டான். நல்லபடியாக. இந்த வரியை எழுதும் முன் வெளியே போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன்.

கழகத்தில் வீட்டு விமானங்களைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் சோல்வை காபி ஊற்றிக் கொடுத்தாள். ஐவின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே குடித்தான்.

"எண்பத்திநாலு! தேவாலயம் மாதிரி இருக்கு. லேசா தலவலி மட்டும்."

"தலவலியா?" சோல்வை குவளையைக் கீழே வைத்தாள். "முன்சுவத்துல ஓட்டை கீட்டை இருக்கா? சத்தம் வர்ற வழியாத்தான் இன்ஜின் புகையும் வரும். அதுல இருக்கற விஷவாயுவுக்கு வாடையே கிடையாது, தெரியுமில்ல? அசந்து தூங்கிடுவ."

"விளக்கு வச்சுப் பாத்தாச்சு. மெரேதெயே உள்ள உக்காந்து பாத்தா. ஒரு பொட்டு வெளிச்சமில்ல."

"அவ பாத்தான்னா சரி. அப்ப நீ ஒழுங்கா சாப்பிடல. வெண்ணெயத் தின்னுடா, எலும்பா!"

இருவரும் சிரித்தார்கள். புகையைப் பற்றி எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

"ஐவின்…"

"என்ன?"

"ஒண்ணுமில்ல. காபி ஆறுது."

"பெட்ரோல் போட்டுட்டு வரேன். அடுத்த ரவுண்டு நாம ரெண்டு பேரும்."

7

முடிவு அ: யூட்டா எழுந்து எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறாள், அவன் அவளைக் கட்டி… [யூட்டாவுக்கு என்ன, சொல்லிவிடுவாள்.]

முடிவு ஆ: அவள் வாயே திறக்காமல் ஏறி உட்கார்ந்து, அந்த ஓட்டையை ஷூவால் அடைத்துக்கொண்டே பறக்கிறாள். [சிரிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் இதை நிஜமாகவே யோசித்தேன்.]

முடிவு இ:

ஜன்னல் வழியே தெரிகிறது, பெட்ரோல் போட்டு முடித்துக் குழாயைத் திரும்ப மாட்டிவிட்டான். இந்தத் தாள்கள் இதழுக்குப் போகவில்லை. உன் இருக்கையில் வைக்கப் போகிறேன். வாசகர் என்று இவ்வளவு நேரம் உன்னைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், ஐவின். எழுதும்போது அது எனக்குத் தெரியவில்லை.

சாவியைத் திருகாதே. என் பக்கம், வலது காலருகே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றேன். சத்தம் எனக்கு ஒருநாளும் பெரிதாகத் தெரிந்ததில்லை.

போர்வையும் விளக்கும் எடுத்து வா. உள்ளே நானே உட்கார்கிறேன். நீ வெளியிலிருந்து "தெரியுதா?" என்று கேள்.

கேட்பாயா மாட்டாயா என்பதை எழுத என்னால் முடியாது.