ஓரணா ஏற்றம்

திண்டிவனத்தில் தேவநாத முதலியாரின் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மண்டியில் கூலி ஏறிய அன்று, மூட்டை தூக்குகிற பதினாலு பேரும் ஆளுக்குக் காலணா போட்டு முதலாளிக்கு மாலை வாங்கிப் போட்டார்கள். மாலையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனவன் சவுரிராயன். பிறகு அதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன் கையையே கடிக்க வேண்டும் போல இருந்தது.

யுத்த காலம், நாற்பத்துமூன்றாம் வருஷம். பர்மா அரிசி நின்றுபோய் கடைகளில் எலிகூடப் பட்டினி கிடந்தது. விழுப்புரம் ஜங்ஷன் ரயில் ஷெட்டில் கரி அள்ளுகிறவனுக்கு வாராவாரம் மலிவு விலையில் அரிசி அளக்கிறார்கள் என்று சேதி வந்ததும், மண்டியிலிருந்து நாலு பேர் சொல்லாமல் கொள்ளாமல் ரயிலேறிவிட்டார்கள். முதலாளி யோசித்தார். கூலி போதாமல்தான் ஓடுகிறான்கள் என்று முடிவு கட்டினார். பத்தணாக் கூலியைப் பதினோரணா ஆக்கினார். ஆளுக்கு ஒரு துண்டும் கொடுத்தார். மாலை கழுத்தில் இருக்கும்போதே, "அப்புறம் ஒரு விஷயம்பா" என்றார். "இனிமே கீழ சிந்தறதக் கூட்டி அள்ளி மூட்டையிலயே போட்டுடணும். அதான் கூலிய ஏத்தியாச்சே."

பதினாலு தலைகளும் ஆடின.

மூட்டையைத் தூக்க இரும்புக் கொக்கியைச் சாக்கில் குத்தி இழுக்க வேண்டும். குத்தினால் ஓட்டை விழும். ஓட்டையிலிருந்து நாலு மல்லாட்டை சிந்தும். சிந்தியதைச் சாயங்காலம் தூக்குகிற ஆட்களே பெருக்கி எடுத்துக்கொள்வது முதலாளியின் அப்பா காலத்து வழக்கம். ஓட்டை எவ்வளவு பெரிது என்பது கொக்கி பிடிக்கிறவன் மணிக்கட்டில் இருக்கிறது. வீட்டில் மூன்று பிள்ளைகள் உள்ளவனுக்கு மணிக்கட்டு கொஞ்சம் தாராளமாகத்தான் திரும்பும். இது மண்டியில் எல்லோருக்கும் தெரியும். வாயால் சொன்னவன் கிடையாது.

அன்று வீட்டில் சவுரிராயன் பெண்சாதி லூர்துமேரி புதுத் துண்டைப் பார்க்கவில்லை. அவன் மடியைத்தான் பார்த்தாள்.

"இன்னாய்யா, வெறுங்கைய வீசிக்கினு வர்ற?"

"கூலிய ஏத்திட்டாரு மேரி. ஒரு அணா."

"மல்லாட்டை எங்க?"

"அது இனிமே கெடையாது. அதுக்குத்தான் அணா."

"அந்த அணாவ ஒலையில போட்டு வேக வைக்கட்டுமா?"

தினம் வந்த ஒரு படி மல்லாட்டையை அவள் கேப்பைக்கு மாற்றுவாள். கேப்பை வைத்திருந்த குடியானவர்கள் காசைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நாளைக்கு இதே காசுக்குப் பாதிகூட வராது என்று அவர்களுக்குத் தெரியும். மல்லாட்டை என்றால் செக்கில் போட்டு எண்ணெய் ஆட்டிக்கொள்ளலாம். அதற்குத்தான் கேப்பை அளந்தார்கள். பிள்ளைகளின் ராத்திரிச் சோறு அந்த ஒரு படிதான்.

ஐந்து நாள் போயிற்று. பெரியவன்கள் இரண்டு பேரும் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சுருண்டுகொண்டார்கள். சின்னவள் மட்டும், "இன்னும் அடுப்பு பத்த வைக்கலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சவுரிராயன் மடியில் மூன்று ரூபாய் இருந்தது. அவன் ஆயுசில் மடியில் அவ்வளவு தங்கியதில்லை.

"முதலாளிகிட்ட போயி, சிந்தறத மறுபடி குடுங்கன்னு கேளேன்டா," என்றான் கூட மூட்டை தூக்குகிற முத்துசாமி.

"இன்னான்னு கேக்கறது? ஓட்டையப் பெருசா போட்டுக்கினு இருந்தேன், இப்ப முடியலன்னா?"



மறுநாள் காலையில் சவுரிராயன் முதலாளி முன்னால் போய் நின்றான். "வேலைய வுட்டு நின்னுக்கறேங்க."

"விழுப்புரத்துக்கா? அங்க எவ்ளோ தர்றான்?"

"ஒம்பதணாங்க."

"நான் எவ்ளோ தர்றேன்?"

"பதினோரணாங்க."

"எது பெருசுன்னு தெரியுதாடா?"

"தெரியுதுங்க."

"தெரிஞ்சுமா போற?"

"ஆமாங்க."

முதலாளி நிஜமாகவே கலங்கிப்போனார். கெட்ட மனுஷர் இல்லை. "வேற ஏதாச்சும் மனக்கொறையா? வாயத் தொறந்து சொல்லு. இன்னொரு துண்டு வேணுமா?"

சவுரிராயனுக்கு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. சிந்தலைக் கொடுங்கள் என்றால் எவ்வளவு சிந்தும் என்று கேட்பார். ஒரு படி என்றால், நாலு மல்லாட்டை எப்படி ஒரு படி ஆயிற்று என்பார். இருபது வருஷ உழைப்பு அந்த நிமிஷமே திருட்டாகிவிடும்.

"ஒண்ணும் இல்லீங்க. நீங்க செஞ்சதே ரொம்ப அதிகம்" என்றான். முதலாளி அதை நன்றியாக எடுத்துக்கொண்டு, இந்தச் சனத்துக்கு நல்லது செய்தாலும் ஒட்டாது என்று அன்றைக்கெல்லாம் வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கரி அள்ளுவது மூட்டை தூக்குவதைவிடக் கேடான வேலை. மூட்டை முதுகோடு நின்றுவிடும்; கரி நெஞ்சுக்குள்ளேயே போகும். சவுரிராயன் வாரமெல்லாம் கறுப்பாகத் துப்பினான். சனிக்கிழமை சாயங்கால வண்டியில் அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு, அதன் வாயை ஒரு கையால் இறுக்கிப் பிடித்தபடி திண்டிவனம் வந்து இறங்கினான். மோட்டா அரிசிதான். சின்னவள் சோறு சுடுகிறது என்று ஊதக்கூடப் பொறுக்கவில்லை.

பிள்ளைகள் தின்று முடித்த பிறகு லூர்துமேரி அவனுக்குப் போட்டாள். "மண்டியில இன்னும் மூணு பேரு நின்னுட்டாங்க. முதலாளிக்கு ஒரே பேஜாரு. திங்கக்கெழமையிலிருந்து இன்னோர் அணா ஏத்தறாராம்."

சவுரிராயன் சோற்றிலிருந்து கையை எடுத்தான். "இந்தத் தபா எத நிறுத்தறாராம்?"

"மத்தியானம் ஊத்தற கூழ."

"அடப்பாவமே. முத்துசாமி இன்னா சொல்றான்?"

"கரி அள்ள எடம் இருக்குதான்னு உன்ன கேக்கச் சொன்னான்."

அவன் மறுபடி சோற்றில் கை வைத்தான். பிறகு சொன்னான்: "இருக்குது. ஒம்பதணாதான், ஏத்த மாட்டாங்க, பயப்படாம வரச் சொல்லு."