ஹார்லன் வீட்டு அடித்தளம்

ஹார்லன் தன் சொந்த வீட்டுக்கு அடித்தளம் போட என்னைக் கூப்பிட்டபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன்.

"உன் ஆளுங்களை விட்டா இந்தப் பக்கம் யாருப்பா இருக்கா, நிகனோர்?" என்றான்.

வருகிறேன் சார் என்றேன். மூன்று வருடமாக நான் காத்திருந்த அழைப்பு அது.

டெக்சாஸில் எங்கள் பக்கம் கரிசல் மண். வீடு மொத்தமும் ஒரே கான்கிரீட் தளத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். தளம் வெடித்தால் சுவர் வெடிக்கும், கதவு சாத்தாது. அப்படி வெடித்த ஒரு வீடுதான் என் தம்பி ருபெர்த்தோவின் பிழைப்பில் மண்ணைப் போட்டது.

அப்போது ஹார்லன் கம்பெனி மேற்பார்வையாளன், நாங்கள் அவனுக்குக் கீழே. கலவை லாரி தாமதமாக வந்தது, கலவை இறுகியிருந்தது. தண்ணீர் விடச் சொன்னவன் ஹார்லன். தண்ணீர் விட்டால் கலவை ஓடும், வேலை சீக்கிரம் முடியும், ஆறு மாதத்தில் தளம் பிளக்கும். விடச் சொன்னவர் டிரைவர் தரும் ரசீதுச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். "லாரி வந்ததுக்குத்தான், போடு" என்று சீட்டைத் தம்பியிடம் நீட்டினான். தம்பிக்கு ஆங்கிலம் காதுக்குப் பழக்கம், கண்ணுக்கு இல்லை. போட்டுவிட்டான். வீடு வெடித்ததும் அந்தச் சீட்டைக் காட்டியே ஹார்லன் தப்பித்தான், பாவி.

அதன் பிறகு தம்பியை எந்தக் குழுவும் சேர்க்கவில்லை. லாரேடோவில் ஒரு கோழி வறுவல் கடையில் தட்டு கழுவுகிறான். நான் கூப்பிட்டாலும் வருவதில்லை. "அந்த ஆளு வாயால சொல்லட்டும்ணே. அப்புறம் மட்டப்பலகையைத் தொடுறேன்" என்பான்.

ஆகஸ்ட் வெயில். ஹார்லன் வீட்டில் இரண்டு லாரி கொட்டி முடித்தோம். மூன்றாவது நெடுஞ்சாலை நெரிசலில் மாட்டி ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தது. கலவை களி மாதிரி நின்றது. கொட்டிய பாதியும் ஓரத்தில் இறுக ஆரம்பித்திருந்தது. உடனே அதோடு புதுக் கலவை சேராவிட்டால் மொத்தத் தளமும் வீண்.

"தண்ணி விடும்மா!" என்று கத்தினான் ஹார்லன்.

"கையெழுத்து வேணும் சார்" என்றாள் டிரைவர் டீலியா.

அவன் சீட்டை வாங்கி என்னிடம் நீட்டினான். என்ன திமிர்!

"உங்க வீடு. நீங்களே போடுங்க."

"விளையாடாதே. நேரம் போகுது."

"போகட்டும்."

மட்டப்பலகையைக் கீழே வைத்தேன். என் ஆட்கள் ஆறு பேரும் வைத்தார்கள்.

"என்னடா வேணும் உனக்கு?"

தம்பிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, ஹார்லன் வாய்க்கு நேரே பிடித்தேன். "அன்னிக்குத் தண்ணி விடச் சொன்னது யாரு? என் தம்பி கேக்கணும்."

தளத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "நான்தான்" என்று முனகினான்.

"லாரி சத்தத்துல கேக்கல சார்."

"நான்தான்டா சொன்னேன்! உன் தம்பியை ஏமாத்திக் கையெழுத்து வாங்கினேன். போதுமா?"

டீலியா வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஸ்பீக்கரை அணைத்துப் போனைக் காதில் வைத்தேன்.

"அண்ணே, கலவை எப்படி இருக்கு?" என்றான் தம்பி.

"இறுகிட்டிருக்குடா."

"மருந்து வச்சிருக்கியா?"

மருந்து என்றால் தண்ணீர் இல்லாமலே கலவையை இளக்கும் திரவம். ஊற்றினால் தளத்துக்கு ஒரு குறையும் வராது. அந்தச் செலவை ஹார்லன் எந்த வேலையிலும் ஒத்துக்கொண்டதில்லை, இதிலும் இல்லை.

"என் வண்டியில நாலு கேன் இருக்கு."

அந்தப் பக்கம் கையிலிருந்த தட்டுகளை அவன் இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

"அது வண்டியிலேயே இருக்கட்டும்ணே" என்றான்.

"என்ன சொல்றான் அவன்?" என்றான் ஹார்லன் பொறுமை இல்லாமல்.

"மன்னிச்சிட்டானாம் சார். கையெழுத்துப் போடுங்க."

போட்டான். டீலியா குழாயைத் திறந்தாள். கலவை இளகி ஓடத் தொடங்கியதும் அவன் முகத்தில் உயிர் வந்தது. "இன்னும் கொஞ்சம் விடும்மா, இன்னும்" என்றான். நாங்கள் பலகைகளை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினோம்.

"திங்கக்கிழமை வேலைக்கு எத்தனை மணிக்கு வரணும்ணே?" என்று போனில் கேட்டான் தம்பி.