தாவூத் பாய் தைத்த உறை

காலைத் தொழுகை முடிந்ததும் ஜஹனாராவுக்கு முதல் வேலை, புருஷனுடைய பித்தத்தை அளப்பது. ஷேக் தாவூத்தின் வலது விலாவிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து, ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்தது. பையின் அடிமூடியைத் திருகி, ஆஸ்பத்திரியில் கொடுத்த கோடு போட்ட குவளையில் வடிப்பாள். பழைய வேப்பெண்ணெயின் நிறம். குவளையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "ஐநூத்திப் பத்து" என்பாள். கட்டிலில் படுத்தபடி அவர் தலையாட்டுவார். தைத்த சட்டையின் அளவு சரியாக இருந்தால் வாடிக்கையாளர்கள் அவரிடம் ஆட்டுவார்களே, அந்த மாதிரி.

அவர் புதுப்பட்டினம் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தார். கல்பாக்கம் குடியிருப்புப் பிள்ளைகளின் பள்ளிச் சீருடையில் பாதி அவர் கை பட்டதுதான். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மாசி மாதத்தில் கண் மஞ்சளானது. கீழாநெல்லி அரைத்துக் குடித்தார், உப்பில்லாமல் சாப்பிட்டார். மஞ்சள் ஏறிக்கொண்டே போய் உடம்பெல்லாம் அரிப்பெடுத்த பிறகுதான் சென்னைக்குப் போனார்கள். பித்தம் போகும் வழியில் கட்டி இருக்கிறது என்றார் டாக்டர். வெட்டி எடுக்கலாம். ஆனால் ரத்தத்தில் மஞ்சள் இருபத்திரண்டு. அது மூன்றுக்கு இறங்காமல் கத்தி வைத்தால் உடம்பு தாங்காது. ஆறு வாரம் பித்தத்தை வெளியே வடிய விடுவோம். நடுவில் சீழ் பிடித்துக் காய்ச்சல் வந்துவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும், கட்டி தள்ளிப்போகாது. இவ்வளவையும் அவர் பொறுமையாகத்தான் சொன்னார். புறப்படும்போது நர்ஸ் பிரபாவதியும் முப்பது விஷயம் சொன்னாள். பை எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கணும் என்பது அதில் ஒன்று.

மூன்று வாரம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. அரிப்பு நின்றது. கண்ணின் ஓரத்தில் வெள்ளை தெரிய ஆரம்பித்தது. ரத்தம் பார்த்ததில் ஒன்பது. கைலிக்குள் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு கடைக்குக்கூடப் போனார். பக்கத்துச் செருப்புக்கடை முபஷ்ஷிர் கல்லாவில் இருந்தபடியே கேட்டான்.

"இன்னா பாய், கைலிக்குள்ள கோழி எதுனா வளக்கிறீங்களா? ஆடிக்கினு கீது."

அவரும் சேர்ந்து சிரித்தார். அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்குப் போகவில்லை.

அவரை உறுத்தியது கேலி இல்லை. பையோடு தொழலாமா என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் ஏற்கெனவே கேட்டிருந்தார். நோயாளிக்கு அதற்கு இடம் உண்டு என்று அவரும் சொல்லியிருந்தார். ஆனால் போன வாரம் சஜ்தாவில் நெற்றி தரையைத் தொட்டபோது, தொடைகளுக்கு நடுவே பை முன்னால் வந்து ஆடியது. பக்கத்தில் இருப்பவர் விலகுவதைக் கண்ணை மூடிக்கொண்டே உணர முடிந்தது. முப்பது வருஷமாக அடுத்தவர் உடம்பின் கோணல்களைத் துணியால் மறைத்துக் கொடுத்த மனுஷர். அவருக்கு அது பொறுக்கவில்லை.

மறுநாள் மீந்துபோன வெள்ளை பாப்ளின் துணியில் ஓர் உறை தைத்தார். உள்ளே மெத்தென்று லைனிங். விலாவை ஒட்டி இறுக்கிக் கட்ட இரண்டு வார். சட்டையைப் போட்டுத் திரும்பிக் காட்டினார். ஒன்றுமே தெரியவில்லை.

"பை கீழதான் இருக்கணும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சேங்க" என்றாள் ஜஹனாரா.

"பைக்குள்ளதான வடியப்போவுது. ஒரு சாண் மேல இருந்தா இன்னா? நீ சும்மா இரு புள்ள."

பல நாளுக்கப்புறம் அவர் முகத்தில் தொழில்காரனின் களையைப் பார்த்தாள். சும்மா இருந்துவிட்டாள்.

அடுத்த நாள் குவளையில் நானூறு. பிறகு இருநூற்றைம்பது. வெள்ளிக்கிழமை காலை தொண்ணூறுதான். கட்டி உடைந்து வடிந்தால், வடிவது குறையக் குறையத்தானே புண் ஆறும்? பிள்ளைகளுக்கு வந்த சிரங்கிலும் சீழ்க்கட்டியிலும் அவள் கற்றது அதுதான். உங்களுக்கும் எனக்கும் அப்படித்தானே தோன்றியிருக்கும். அவர் ஜும்மாவுக்குப் போயிருந்த நேரத்தில் தேங்காய்ப்பால் ஊற்றிச் சர்க்கரைச் சோறு ஆக்கி, ஏழு வீட்டுக்குக் கொடுத்தனுப்பினாள். மகராசி, ஏலக்காய்கூடத் தாராளமாகப் போட்டாள்.

பள்ளிவாசலிலிருந்து திரும்பியவர் சித்திரை வெயிலில் போர்வை கேட்டார். பல் கிட்டியது. கண்ணில் தெரிந்த வெள்ளை போன இடம் தெரியவில்லை.

அவசரமாகச் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். குழாயை மாற்றியபோது உள்ளே தேங்கியிருந்தது சீழாக வந்தது. முன்பே அவர் விலாவிலிருந்து அவிழ்த்து வைத்த உறையைப் பிரபாவதி இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"யாருங்க தைச்சது?"

"நாந்தாம்மா" என்றார் தாவூத், நடுக்கத்துக்கு நடுவில். "உள்ள லைனிங்கூடக் குடுத்துகீறேன், பாரு."

அவள் பார்த்தாள். "நல்லா தைச்சிருக்கீங்க பாய்" என்று மட்டும் சொன்னாள். வராந்தாவுக்கு வந்த பிறகுதான், கழற்றிய பழைய குழாய் வார் இறுக்கிய இடத்தில் மடங்கியிருந்ததை ஜஹனாராவிடம் விரலால் தொட்டுக் காட்டினாள். குழாயில் அந்த மடிப்பு, இஸ்திரி போட்டது போல நேராக விழுந்திருந்தது. ஜஹனாராவுக்கு ஏழு வீடுகளும் வரிசையாக நினைவுக்கு வந்தன.

"ஆப்ரேசன்?"

"காய்ச்சல் வுடட்டும்மா. டாக்டரு சொல்லுவாரு."

ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. டாக்டர் வந்தார், காய்ச்சல் குறித்த ஏட்டைப் பார்த்தார், தேதி எதுவும் சொல்லாமல் போனார். ஆறாம் நாள் சாயங்காலம் தாவூத் கண் விழித்து, தலையணைக்கு அடியில் தடவி அளவு நாடாவை எடுத்தார். அது இல்லாமல் அவர் எங்கும் போனதில்லை.

"ஒரு முனைய நீ புடி. முட்டி வரைக்கும் இஸ்து வெய்யி. இந்தத் தபா கீழ தொங்குற மாரி தைக்கணும். எத்தினி வருது?"

அவள் கண்ணில் தண்ணீர் நின்றதால் எண் தெரியவில்லை. காய்ச்சலில் அவர் கண்ணுக்கும் எண் தெளியாது என்பதால், "இருவத்தி மூணு" என்று ஏதோ ஒன்றைச் சொன்னாள்.

"ரெண்டு இஞ்ச் கூட்டி வெச்சிக்க. தையலுக்குப் போயிடும்."

முட்டியருகே நாடாவைப் பிடித்தபடி அவள் குனிந்திருந்தாள். கட்டிலுக்குக் கீழே, தரையை ஒட்டித் தொங்கியது புதுப் பை. குழாயின் வாயில் ஒரு சொட்டு திரண்டு, கனத்து, விழாமல் நின்றது.