எஸ்-19 குத்திய பன்னிரண்டு தகடுகள்

1

இந்தக் கதை ஒரு போட்டோவில் இருந்து வந்தது. உட்கார்ந்து யோசித்துக் கட்டியது என்று நினைத்துவிடாதீர்கள். டெக்ஸாஸ் ரவுண்ட் ராக்கில், ஒரு வீட்டு ஹாலில், சுவர் அகலத்துக்கு இருக்கிற டிவியில் அந்தப் போட்டோ வந்து நின்றது. அன்றைக்கு ஏறிய படபடப்பு பத்து நாளாகியும் இறங்கவில்லை. எட்டாவதோடு படிப்பை விட்ட கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொய் இருந்தால் பொறுக்காதீர்கள்.

முதல் வரியை மூன்று தரம் எழுதினேன்.

"பாலைவனத்தில் அன்று வெயில் கொளுத்திக்" – வேண்டாம். பாலைவனம் என்றால் எல்லாரும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்.

"சபரிநாதன் நேர்மையான வெல்டர்" – அடித்துவிட்டேன்.

"எண்ணெய் விற்றுப் பணக்காரனான ஒரு தேசம் இனிமேல் பூமியைக் காப்பாற்றப் போவதாக" – இது செய்தித்தாள்.

சரி, இப்படித் தொடங்குகிறேன்: சபரிநாதன் இட்லியைப் பிட்டார். வாயில் வைக்கவில்லை.

2

சனிக்கிழமை காலை. சபரிநாதனின் ஒரே மகள் விஷாகா டிவி முன்னால் நின்றாள். ஒன்பது பேரை வைத்து ஸ்டார்ட்அப் நடத்துகிறாள். ஆலைப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்து, எண்ணெய் தீர்ந்த வயலுக்கு அடியில் அழுத்திப் பூட்டிவைப்பது அவர்கள் தொழில். எண்ணெய் நாடு ஒன்று* இதை வாங்கப்போகிறது. ஐம்பது வருஷம் புகையை விற்றவர்கள் இப்போது புகையைப் புதைக்க ஆள் தேடுகிறார்கள். சான்டா கிளாராவில் இருந்தும் நியூ ஜெர்சியில் இருந்தும் கம்பெனிகள் வரிசையில் நிற்க, கையெழுத்துப் போடக் கூப்பிட்டது விஷாகாவை. அதற்குத்தான் இந்த ஒத்திகை. பார்க்க இரண்டே பேர்: அப்பா, புருஷன் கிரீஷ்.

(*பெயர் போடமாட்டேன். போட்டால் யாராவது வக்கீலோடு வந்து கதவைத் தட்டுவார்கள்.)

"அப்பா, நீங்கதான் மினிஸ்டர். நல்லா மொறைச்சுப் பாருங்க, டஃப் கொஸ்டினா கேளுங்க."

"மாமா சும்மாவே மொறைப்பார். தனியா ஆக்ட் பண்ண வேணாம்," என்றான் கிரீஷ்.

முதல் ஸ்லைடிலேயே சபரிநாதன். முப்பத்தெட்டு வயது, நீல ஓவரால், கக்கத்தில் ஹெல்மெட். கீழே கொட்டை எழுத்தில், 'என் அப்பா வேலை செய்த மண்.'

"என் படம் எதுக்கும்மா?"

"அதாம்ப்பா என் ஸ்டோரி! டெக்னாலஜி எல்லார்கிட்டயும் இருக்கு. நீங்க என்கிட்டதானே இருக்கீங்க?"

அவருக்கு மனசு குளிர்ந்துபோயிற்று. அதை மறைக்காமல் எழுதிவைக்கிறேன்.

ஏழாவது ஸ்லைடில் அந்தப் போட்டோ. மணலுக்குள் பாதி புதைந்த கிணற்றுக் குழாய், அதன் வாயில் வெல்டிங் அடித்த இரும்புத் தகடு. ஓரத்தில் துருவுக்குள் குத்தியிருக்கிற எண்: எஸ்-19. பற்றவைத்தவன் தன் எண்ணைப் பக்கத்தில் குத்திவிட்டுத்தான் போகவேண்டும், அது அந்தத் தொழிலின் சட்டம். நாளைக்கு ஒழுகினால் யாரைப் பிடிப்பது?

"கரியமில வாயு காத்த விட வெயிட்டுப்பா. லீக் ஆச்சுன்னா பள்ளத்துல போய்த் தேங்கும். வாசனை கிடையாது, கலர் கிடையாது. தூங்கறவன் தூங்கினபடியே போயிடுவான். அதனால பழைய கிணறு ஒவ்வொண்ணும் டைட்டா இருக்கணும். இங்க இருநூத்திப் பன்னெண்டு கிணறு. எல்லாம் சீல்டு. அவங்க கவர்மெண்ட் ரெஜிஸ்டர்லயே இருக்கு."

போட்டோவுக்குப் பக்கத்தில் வரைபடம். கிணறுகளுக்குக் கீழே, பள்ளத்தில், நீலக் கட்டங்கள். தொழிலாளர் முகாம். நானூறு பேர்.

"எனி கொஸ்டின்ஸ், மினிஸ்டர் சார்?"

சபரிநாதன் கேட்டார்: "தண்ணி லாரி வந்துச்சா?"

கிரீஷ் விழுந்து விழுந்து சிரித்தான்.

3

தண்ணி லாரி வரவில்லை.

1994, அதே எண்ணெய் வயல். நாற்பத்தொன்றாம் எண்ணிலிருந்து ஐம்பத்திரண்டு வரை, பன்னிரண்டு கிணறுகள். குழாய்க்குள் ஆழத்துக்குச் சிமென்ட் இறக்கி, அது இறுகின பிறகு மேலே தகடு அடிக்கவேண்டும். மூன்று நாளாகத் தண்ணீர் லாரியைக் காணோம். இன்ஸ்பெக்‌ஷன் மறுநாள்.

"அண்ணே, தண்ணி இல்லாம சிமென்ட எதுல கொழைக்க? எச்சிலயா?" என்று கேட்டான் கூட வேலை பார்த்த ஏசுராஜ், நாகர்கோவில்காரன். சூப்பர்வைசர் வந்தார். காலிச் சாக்கைக் குழாய்க்குள் திணிக்கச் சொன்னார். மணலைத் தள்ளச் சொன்னார். மேலிருந்து பார்க்கிறவனுக்குத் தகடுதான் தெரியும் என்றார்.

எஸ்-19 பன்னிரண்டு தகடும் அடித்தான். பன்னிரண்டிலும் எண்ணைக் குத்தினான். வெல்டிங் பிரமாதம், அதில் ஒரு குறை சொல்லமுடியாது. (பார்த்தீர்களா, இப்போதும் எனக்குப் பெருமை வருகிறது. தூ.)

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கிணற்றில்தான் ஒன்றுமே மிச்சமில்லையே! முப்பது வருஷம் கழித்து அதற்குள்ளே வாயுவை அழுத்தி ஏற்ற ஒருத்தி வருவாள், அவள் தன் மகளாக இருப்பாள் என்று எவனுக்குத் தெரியும்?

4

எனக்கு இந்தச் சபரிநாதன்மேல் நம்பிக்கை இல்லை. போட்டோவைப் பார்த்த நிமிஷமே சொல்லியிருக்கவேண்டாமா? மறுநாள் காரில் என்ன கிழித்தார் என்பதையும் கேளுங்கள். விஷாகா ஓட்டுகிறாள், ஃப்ரீவே.

"ரெஜிஸ்டர்ல இருக்கறதெல்லாம் உண்மையாம்மா?"

"ஆடிட் ஆனதுப்பா."

"தோண்டிப் பாத்தா என்ன?"

"எல்லாத்தையும் ஓபன் பண்ணி டெஸ்ட் பண்ணா ஒன்றரை வருஷம். அதுவரைக்கும் கம்பெனி இருக்காது. எங்க டீம்ல சைலஸ் விசாவுல இருக்கான், வேல போனா அறுபது நாள்ல பெட்டி கட்டணும், கைக்கொழந்த வேற. ஏம்ப்பா இப்படி நோண்டறீங்க? நீங்க வெல்டர்தானே, சிமென்ட் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

இவர் வாயைத் திறந்தார். 'எக்ஸிட் வந்துருச்சு' என்றார்.

எக்ஸிட்! நானூறு உயிருக்குப் பதில் எக்ஸிட். இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதையை முடிப்பது?

(அவர் யார் என்று உங்களுக்குத் தெரிந்துபோயிருக்கும். தெரிந்தால் சரி. 'நான்' என்று போட்டு ஒரு பக்கம் எழுதினேன். கை ஓடவில்லை. கிழித்துப் போட்டேன்.)

5

முடிவுகள் எழுதிப்பார்த்தேன்.

சொல்லிவிடுகிறார். விஷாகா கையெழுத்துப் போடவில்லை. ஒன்பது பேர் வீட்டுக்குப் போகிறார்கள். கையெழுத்தை வேறொரு கம்பெனி போடுகிறது. அதே ரெஜிஸ்டர், அதே கிணறு. (அப்படியானால் சொல்லி என்ன பிரயோஜனம்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் நிம்மதியாகத் தூங்கினேன்.)

சொல்லவில்லை. விஷாகா மாலையோடு திரும்பி வருகிறாள். ஒரு நாள் விடியும்போது பள்ளத்து முகாமில் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது, அணைக்க ஒருத்தரும் எழுந்திருக்க

இதை எழுதி முடிக்கமாட்டேன். அந்த முகாமில் ஒன்பது வருஷம் படுத்தவன் நான்.

மூன்றாவது: கிணற்றைத் திறந்து பார்க்கிறார்கள், உள்ளே சிமென்ட் கெட்டியாக இருக்கிறது. படிக்க இனிப்பாகத்தான் இருந்தது. சிமென்ட் எங்கிருந்து வந்தது? எவன் குழைத்தான்?

6

இன்று செவ்வாய். கையெழுத்து வியாழன். விஷாகா பெட்டிக்குத் துணி அடுக்குகிறாள்.

"அப்பா, பத்து நாளா என்னமோ எழுதறீங்களே, என்னதான் அது? என் தமிழ் ரீடிங் உங்களுக்கே தெரியும். நீங்களே படிங்க, கேட்டுட்டே பேக் பண்றேன்."

சபரிநாதன் படித்தார். இட்லி வந்தபோது சிரித்தாள். புருஷன் ஜோக்குக்கும் சிரித்தாள். 'தண்ணி லாரி வரவில்லை' என்று படித்தபோது கையில் இருந்த புடவையை மடிக்காமல் நின்றாள். ஏசுராஜ் வந்தான், சாக்கு வந்தது. அவர் நிமிர்ந்து பார்க்காமல் பன்னிரண்டு தகடுவரைக்கும் படித்துவிட்டு நிறுத்தினார்.

"இது கதைதானேப்பா?"

அவர் எழுந்துபோய்த் தன் டிரங்குப் பெட்டியில் இருந்து, தகட்டில் எண் குத்துகிற மூன்று பஞ்ச்களை எடுத்துவந்தார். விரல் நீளத்துக்கு இரும்பு, ஒவ்வொன்றின் நுனியிலும் ஓர் எழுத்து. எஸ். ஒன்று. ஒன்பது. மடித்த துணிமேல் வரிசையாக வைத்தார்.

விஷாகா புடவையைக் கீழே வைத்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். ஏழாவது ஸ்லைடைப் பெரிசாக்கினாள், இன்னும் பெரிசாக்கினாள். அவள் முகத்தில் ரத்தம் வற்றுவதை நான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்துக்கொண்டேதான் இதை எழுதுகிறேன், கை வேறெதற்கும் உதவவில்லை.

வாசலில் கிரீஷ் காரை எடுத்து நிறுத்தியாயிற்று. "விஷா, டென் மினிட்ஸ்!"

அவள் முதல் ஸ்லைடுக்குப் போகிறாள். நீல ஓவரால், கக்கத்தில் ஹெல்மெட். அதையே பார்க்கிறாள். என் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பத்து நிமிஷத்தை நான் எழுதப்போவதில்லை. பன்னிரண்டு தடவை மூடியவன் நான், பதின்மூன்றாவதாக இதையும் மூடமாட்டேன். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அவளைத் திட்டவையுங்கள், அழவையுங்கள், காரில் ஏற்றுங்கள், ஏற்றாமல் இருங்கள். ஆனால் பள்ளத்தில் நானூறு பேர் படுத்திருக்கிறார்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதாதீர்கள்.