வாலறுந்த வாக்கியம்

தராசு ரிப்பேர்க்காரியிடம் ஒரு நல்ல குணம் உண்டு. தன் பொருள் எதையும் அடுத்தவர் கையில் ரிப்பேருக்குக் கொடுக்கமாட்டாள். ஒரு கெட்ட குணமும் உண்டு. பழுது என்று ஒன்று இருந்தால் அது அடுத்தவர் பொருளில்தான் இருக்கும் என்று அடித்துச் சொல்வாள். வெறும் பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே மேஜையில் உள்ளங்கையால் அடித்துத்தான் சொல்வாள். கடைத்தெருவில் இருக்கிற எடை மெஷின் அத்தனையும் அவள் கைபட்டவை. அவள் சொன்ன எடைக்கு மறுபேச்சு கிடையாது. அந்தத் தைரியத்தோடுதான் வீட்டிலிருந்தபடியே ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோவும் வைத்திருந்தாள். பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, பதினெட்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தச் செட்டுக்குப் பழுது வரும் என்ற எண்ணமே அவள் தலைக்குள் நுழைந்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கமான பதினேழு பேரும் ரேடியோவில் கூடினார்கள். கூட்டத்தை நடத்துகிறவள் அவளுடைய அக்கா. பஸ் கண்டக்டர். ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நலம் விசாரித்து, வளவளவென்று இழுப்பவர்களை நடுவில் நிறுத்தி அடுத்தவருக்கு இடம் பிடித்துக் கொடுப்பாள். டிக்கெட் கிழிக்காததுதான் குறை. அன்றைக்கு எல்லாரும் பேசி முடித்தபின் அவள் சொன்னாள்:

"இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு இருக்கே, அதுதான் என் கடைசிக் கூட்டம். நாளைக்குக் காலைல ஏரியலைக் கழட்ட ஆள் வருது. செட்டை யாருக்காவது குடுத்துடப் போறேன். போதும்பா."

ஏன், எதற்கு, என்னாச்சு என்று மற்ற பதினைந்து பேரும் முண்டியடித்தார்கள். தங்கை மட்டும் கேட்கவில்லை. காரணம் அவளுக்குத் தெரியும். காரணமே அவள்தான்.

ஆறு மாதத்துக்கு முன்னால் இதே போன்ற ஒரு கூட்டத்தில், "அக்கா, உன் மைக்கைக் கொஞ்சம் குறை, காது கிழியுது. செட்டை ஒழுங்கா வச்சுக்கத் தெரியலைன்னா என்கிட்ட கொண்டா," என்று வாயை விட்டாள். பதினைந்து பேரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. அடுத்த ஞாயிறே தங்கை அதே பதினைந்து பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டாள். மன்னிப்புக் கேட்பது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை. பழக்கப்படி மேஜையில் அடித்துத்தான் கேட்டாள். அதற்கு அக்கா, "சரி, அடுத்தவங்க வாங்க," என்று தாண்டிப் போய்விட்டாள். அன்றிலிருந்து போனையும் எடுப்பதில்லை. வீட்டுக்கே தேடிப் போனால், "டியூட்டிக்கு நேரமாச்சு," என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுவாள்.

இரண்டு பேரும் ஒரே புத்தகத்தை நடுவில் கிழித்து, பாதி பாதியாகப் படித்துப் பரீட்சை எழுதியவர்கள். அக்கா வீட்டு மாடியில் அந்த ஏரியலை ஏற்றியபோது ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் தங்கை. நாளைக்கு யாரோ ஒருவன் ஏறி அதை இறக்கப் போகிறான். இவ்வளவு இறங்கி வந்தும் மனசு இரங்காதவளிடம் இன்னும் என்னத்தைப் பேசுவது என்ற கோபம் வந்தது. செட்டை அணைத்துவிட்டு மேஜையில் ஒரு அடி அடித்தாள்.

"ஏம்மா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?" என்று பின்னறையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

ரொட்டி வேன் ஓட்டுகிறவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அதனால் இத்தனை வருஷத்தில் மனைவி ரேடியோவில் பேசி அவர் கேட்டதே இல்லை. போன வாரம் படியில் சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். பொழுது போகட்டும் என்று அவளுடைய பழைய கைச்செட்டைக் காதோரம் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கேளுங்க."

"நீ ஏன் எல்லாத்தையும் பாதியிலேயே விட்டுடற?"

"நானா? பாதியிலேயா?"

"ஆரம்பம் நல்லாத்தான் வருது. முடிக்கறதுக்குள்ள குரல் போயிடுது. நீ மேஜையைத் தட்டற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது பாரு, அது கேட்டதும் ரேடியோ கப்சிப். ரெண்டு மூணு செகண்டு கழிச்சுத்தான் திரும்ப வருது."

அவளுக்குச் சுருக்கென்றது. "உங்க கைச்செட்டுல கோளாறு," என்றாள் முதலில். பழக்க தோஷம்.

"அக்கா பேசினா ஒரு எழுத்து விடாம வருதே."

அவள் செட்டுப் பக்கம் திரும்பினாள். ஏரியலைக் கழற்றிவிட்டு, சக்தியைத் தானே விழுங்கிக்கொள்ளும் சோதனைப் பெட்டியை அந்த இடத்தில் மாட்டினாள். இனிமேல் பேசினால் குரல் பின்னறைக் கைச்செட்டைத் தவிர வேறெங்கும் போகாது.

"என்ன பேசட்டும்?"

"அன்னைக்கு உங்க அக்காகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொன்னியே, அதையே பேசு. அதே மாதிரி பேசு."

அவள் மைக்கைப் பிடித்தாள். அந்த வாக்கியம் அவளுக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகமிருந்தது. "அக்கா, என் மேல தப்பே இல்லைன்னு," என்று ஆரம்பித்து, மேஜையில் ஓங்கி ஒன்று வைத்து, "நான் சொல்லவே மாட்டேன்," என்று முடித்தாள்.

பின்னறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு." அவர் தயங்கினார். "'அக்கா, என் மேல தப்பே இல்லை'ன்னு கேட்டுச்சு."

அவள் முகத்தில் ஈயாடவில்லை. நம் பேச்சின் சங்கதியே அதுதானே, கொடுப்பதா மறுப்பதா என்பதைக் கடைசிச் சொல்லில்தான் முடிந்து வைத்திருக்கிறோம். அந்த வால் அறுந்துபோனால் மன்னிப்பு கூடத் திமிராகிவிடும். அக்கா கேட்டது திமிரைத்தான். பதினைந்து பேர் கேட்டதும் அதைத்தான். இப்படி விட்டு விட்டு வருகிறதே என்று அவளிடம் சொல்ல ஒருத்தருக்கும் துணிச்சல் வரவில்லை. அவள் செட்டைக் குறை சொல்லிவிட்டு யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

அவள் எழுந்துபோய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். இவ்வளவு நாளும் அக்காவின் மனசு கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தாள், அதற்கு அவளிடம் கருவி இல்லை. கெட்டது செட் என்றால் இருக்கவே இருக்கிறது ஸ்க்ரூடிரைவர்.

மின்சார ஒயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசைப்படி ஒரு தட்டில் வைத்தாள். முன்பலகையில் மைக் குமிழ், அதன் பின்னால் கட்டைவிரல் நகமளவு கன்ட்ரோல். மீட்டரின் இரண்டு ஊசியையும் அதன் கால்களில் வைத்துக் குமிழை மெல்லத் திருப்பினாள். எண் சீராக ஏறியது. முக்கால் வட்டம் வந்ததும் தடுமாறியது. விரலால் லேசாகத் தட்டினாள். எண் காணாமல் போய், கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தது.

அவள் பல வருஷமாகக் குமிழை வைத்திருக்கிற இடம் அதுவேதான். நகர்த்தினதே இல்லை. உள்ளே இருக்கும் கரிப்பாதையில் அந்த ஒரு புள்ளியிலேயே தகடு உட்கார்ந்து, ஒவ்வொரு அடிக்கும் ஆடி ஆடி, பாதையைத் தேய்த்துத் தீர்த்திருந்தது. சுத்தம் செய்தால் போகிற அழுக்கு இல்லை இது.

"புதுசு வாங்கணுமா?" என்றார் கணவர், ஒற்றைக் காலில் தத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்து.

"ஞாயித்துக்கிழமை எந்தக் கடை திறந்திருக்கும்?"

"அப்போ?"

அவள் பலகையை உற்றுப் பார்த்தாள். மைக் குமிழுக்கு இரண்டு குமிழ் தள்ளி 'டோன்' குமிழ் இருந்தது. குரலைக் கனமாக்க, மெலிதாக்க என்று வைத்தது. வாங்கின நாளிலிருந்து அதை அவள் தொட்டதில்லை, அவள் குரலுக்கு அலங்காரம் தேவைப்பட்டதும் இல்லை. அதன் முதுகில் அச்சடித்திருந்த எண்ணைப் படித்தாள். மைக் கன்ட்ரோலில் இருந்த அதே எண். இந்த வீட்டிலேயே புத்தம் புதுசாக ஒன்று சும்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

சால்டரிங் அயர்ன் சூடேறியது. டோன் கன்ட்ரோல் சொன்னபடி கழன்று வந்தது. மைக் கன்ட்ரோலை எடுக்கும்போதுதான் மூன்றாவது காலோடு செப்புப் பட்டையும் உரிந்து வந்துவிட்டது. கணவர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்போது மணி மூன்றரை.

"யாரையாவது கூப்பிட்டுக் கேக்கலாமா?"

"என்னைத்தாங்க கூப்பிடணும், வேற யாரை?" என்றாள். சிரித்தாள் கூட. முடி போன்ற ஒரு கம்பியை அளவாக வெட்டி, உரிந்த இடத்துக்குக் குறுக்கே பாலம் போட்டு, டோன் கன்ட்ரோலை மைக் கன்ட்ரோலின் இடத்தில் பற்றவைத்தாள். டோன் இருந்த இடத்தை இரண்டு ஒயரால் நிரந்தரமாக இணைத்துவிட்டாள். நாலரைக்கு மூடியைப் போட்டு, அவரைப் பின்னறைக்குத் தத்தவைத்து, மேஜையில் பலம் கொண்டமட்டும் அடித்துக்கொண்டே பேசினாள்:

"என் வீட்டுக்காரரை நான் அதட்டினதே இல்லைன்னு சொன்னா அது பொய்!"

"முழுசா வந்துச்சு," என்றார் அவர். "பொய்யுங்கறது ரொம்பத் தெளிவா வந்துச்சு."

ஐந்து மணிக்கு ஏரியலை மாட்டினாள். அக்கா வரிசையாகக் கூப்பிட்டாள். எல்லாரும் அழாத குறையாக விடைகொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பதாவதாகத் தங்கையின் முறை வந்தது. இந்தத் தடவை சொல்ல வேண்டியதை வாலில் தொங்கவிடக் கூடாது, தலையிலேயே வைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்திருந்தாள்.

"தப்பு என்னோடது அக்கா. உன் செட்டைக் குறை சொன்னேன், கெட்டுப் போயிருந்தது என் செட்டு. அன்னைக்கு 'என் மேல தப்பே இல்லைன்னு சொல்லவே மாட்டேன்'னுதான் சொன்னேன், பின்பாதியை என் மைக்கு முழுங்கிடுச்சு. இன்னைக்குத்தான் கண்டுபிடிச்சேன். என்னை மன்னிச்சுடு. ஏரியலைக் கழட்டாதே."

மைக்கில் அழுத்தியிருந்த பித்தானை விட்டாள்.  பிறகு அக்காவின் குரல்.

"சரியா வரலை. திரும்பச் சொல்லு."

தங்கைக்கு உயிரே போய்விட்டது. செட்டில் இருந்த மீட்டரைப் பார்த்தாள், முள் சரியாகத்தான் ஏறியிருந்தது. பின்னறையைப் பார்த்தாள். "கணீர்னு வந்துச்சும்மா," என்று கணவர் கத்தினார். மறுபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இன்னும் சரியா வரலை."

இடையில் புகுந்தார் மாட்டு வைத்தியர், பதினைந்து பேரில் ஒருவர். "அக்கா, எனக்கு அட்டகாசமா கேக்குதே. பக்கத்துல நின்னு பேசற மாதிரி..."

"டாக்டர், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அக்கா.  "ஆறு மாசமா நான் இதைக் கேக்கலை. ஒரு தடவை கேட்டா எனக்குப் பத்துமா? அவ சொல்லட்டும்."

தங்கை மூன்றாவது தடவை சொன்னாள். இம்முறை அழுதுகொண்டே சொன்னாள், ஒரு சொல்லும் உடையவில்லை. 

"ம்," என்றாள் அக்கா. மூக்கை உறிஞ்சும் சத்தம் அவளுடைய அந்தப் பொல்லாத மைக்கில் காது கிழியக் கேட்டது. "நாளைக்கு எட்டு மணிக்கு ஏரியலைக் கழட்ட ஆள் வருவான். ஏணியோட வருவான். முன்பணம் வேற குடுத்துத் தொலைச்சுட்டேன். நீ ஏழு மணிக்கே வந்து நின்னு, அவனைத் திருப்பி அனுப்பற வேலையைப் பாரு. எனக்கு டியூட்டி இருக்கு."

ஆறரைக்கே வந்து நிற்கிறேன் என்றாள் தங்கை.